சின்னம்மாளுக்குள் கூடிய கூட்டம்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பாசஞ்சரில் சின்னம்மாள் எந்தப் பெட்டியில் இருக்கிறாள் என்று யாரும் தேட வேண்டியதில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிடும். குரல் எட்டாத தூரமாக இருந்தால் கருவாடு காட்டிக்கொடுத்துவிடும். சோனாங்குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, சிதம்பரம் மார்க்கெட்டில் ஓரமாக ஒரு சாக்கை விரித்து உட்காருவாள். விற்றது போக மிச்சத்தைத் தெருத் தெருவாகக் கொண்டுபோவாள்.

ஒருமுறை புதிதாக வந்த டிக்கெட் பரிசோதகர், கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார்.

"கீழ வெச்சாதான லக்கேஜு? இது என் கொழந்த மாதிரி. மடியில வெச்சிக்கினு போறேன்" என்று கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீயும் இப்படிக் குந்து, பேசுவோம்" என்று பக்கத்தில் இடம் காட்டினாள். அவர் அடுத்த பெட்டிக்குப் போனவர்தான். அதற்கப்புறம் அவளைக் கண்டால் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்.

அவள் புருஷன் ஆண்டி இதற்கு நேர் எதிர். கட்டுமரத்தில் ஏறிவிட்டால் எந்த அலைக்கும் பயப்படாதவன், கரையில் கால் வைத்ததும் எல்லாவற்றுக்கும் பயப்படுவான். ஊசிக்கு, போலீசுக்கு, எழுதப்படிக்கத் தெரிந்தவர்களுக்கு, முக்கியமாகச் சின்னம்மாளுக்கு. அவனுக்கு இருந்த ஒரே தைரியமான பழக்கம், எப்போதாவது பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவது. அப்போது மதராஸ் ராஜ்ஜியத்தில் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் அது கிடையாது.

அறுபத்து நாலாம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், குளிக்கும்போது சின்னம்மாளின் இடது மாரில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கூடையை இறக்கி ஏற்றும்போது இடித்துக்கொண்டிருப்போம் என்று விட்டுவிட்டாள். பொங்கல் போயிற்று, மாசி மகம் போயிற்று, கட்டி போகவில்லை. வலியும் இல்லை. வலித்திருந்தால் சத்தம் போட்டிருப்பாள், ஊருக்கே தெரிந்திருக்கும். வலிக்காததால் ஒளித்து வைக்க முடிந்தது.

அது வெளியே வந்தது ஒரு சண்டையில். ஆண்டி பாண்டிச்சேரியிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்த ஒரு சாயங்காலம், வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குடிச்சிக் குடிச்சி ஈரலு வெந்து சாவு. நான் இங்க மாருல கட்டிய வெச்சிக்கினு சாவறேன். புள்ளைங்கள கடலு பாத்துக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆண்டிக்குப் போதை இறங்கிவிட்டது. "இன்னா கட்டி?" என்றான். அவள் குரல் வழக்கம்போலத் தெருக்கோடி வரை கேட்டிருந்ததால், பதில் சொல்வதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஒருத்தி விளக்கெண்ணெய் போடச் சொன்னாள். இன்னொருத்தி மாரியம்மனுக்கு வெள்ளியில் உருவம் செய்து போடச் சொன்னாள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர், சூடாக உளுந்துக் களி வைத்துக் கட்டினால் உடைந்து சீழ் வந்துவிடும் என்றார். அவர் தன் முழங்கால் வீக்கத்துக்கு வருஷக் கணக்கில் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார், அது உடையவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா செஞ்சா நானு பொங்கல் பானையா ஆயிடுவேன்" என்றாள் சின்னம்மாள். மறுநாள் கடலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கிருந்த பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்தார். அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல், "இது கேன்சரா இருக்கலாம்மா. மாரை முழுசா எடுத்துடணும். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் நிச்சயமாத் தெரியும்" என்றார்.

சின்னம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது ஆண்டிக்குக் கட்டியை விடப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

"எடுத்துடுங்க" என்றாள் கடைசியில். "நாலு புள்ளைங்க குடிச்சி முடிச்சது. இனிமே அதுக்கு இன்னா வேல? ஆனா தலையில கூடைய தூக்கணும் சார். கைய மட்டும் பாத்து வுடுங்க."

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோனபோது ஆண்டி கூடவே ஓடினான். கதவு கிட்ட வந்ததும் அவள் அவன் கையைப் பிடித்து, "மாமா, நான் வர்ற வரைக்கும் எங்கியும் போயிடாத" என்றாள். கல்யாணமான புதிதில் மாமா என்று கூப்பிட்டவள்தான். அப்புறம் எத்தனையோ வருஷமாக அவனுக்கு "யோவ்" என்பதுதான் பெயர். கதவு மூடியதும் ஆண்டி அப்படியே சரிந்து விழுந்தான். நர்சுகள் தூக்கி ஆண்கள் வார்டில் போட்டார்கள். மயக்கம் தெளிந்து சின்னம்மாள் புருஷனைக் கேட்டபோது, அவன் பக்கத்து வார்டில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று சொன்னார்கள்.

"அவுருக்கு இன்னாத்த எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

கட்டியிலிருந்து ஒரு துண்டும் அக்குளிலிருந்து எடுத்த இரண்டு நெறிக்கட்டியும் அகன்ற வாய்க் கண்ணாடிப் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றிப் போட்டு, மூடி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, எழுந்து நடமாட ஆரம்பித்திருந்த ஆண்டி கையில் கொடுத்தார்கள். ஃபார்மலின் என்பது சதை அழுகாமல் இருக்க ஊற்றும் மருந்து, தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாண்டவராயன் என்ற டாக்டர் இருக்கிறார், சதையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார், அவரிடம் கொடுத்துவிட்டு வா என்றார்கள்.

ஆண்டி பாட்டிலைத் துண்டில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினான். அங்கே போனால் கதவு பூட்டியிருந்தது. பாண்டிச்சேரிக்கு மட்டும் அன்று லீவு. எதற்கு லீவு என்று வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. "பிரெஞ்சுக்காரன் வந்ததுக்கா, போனதுக்கான்னு மறந்துபோச்சு. நாளைக்கி வா" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் சாராயக் கடைகள். எந்தக் கடையின் பக்கமும் ஆண்டி திரும்பவில்லை. பாட்டிலை அணைத்தபடி நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாண்டிச்சேரியிலிருந்து குடிக்காமல் திரும்பினான். அன்றைக்குத்தான் பிடிபட்டான்.

எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி மதுவிலக்குப் போலீஸ் ஏறினார்கள். ஏட்டு கோவிந்தசாமிக்கு ஆண்டியை நன்றாகத் தெரியும். எப்போதும் வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுவருவதால் விட்டுவிடுவார். இன்று வயிற்றுக்கு வெளியே இருந்தது.

"இன்னா ஆண்டி, தொழில ஆரம்பிச்சிட்டியா? துண்டுல இன்னா?"

"ஒண்ணுமில்ல ஏட்டய்யா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கட்டிப் புடிச்சிக்கினு வர்றே? எறங்கு கீழ."

ஆண்டி இறங்கினான். ஏட்டு துண்டை உருவினார். தெளிவான திரவம், அடியில் ஏதோ கிடந்தது. "ஊறலு போட்டு எடுத்தாந்திருக்கான்யா, பழம் கெடக்குது பாரு" என்று பக்கத்தில் இருந்த போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்திரியைக் கிழித்து மூடியைத் திறந்து, அனுபவசாலி என்ற முறையில் மூக்கை நன்றாக உள்ளே விட்டு இழுத்தார்.

அடுத்த நிமிஷம் ஏட்டுக்குக் கண் தெரியவில்லை. மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீராகக் கொட்டியது. "ஆசிட்டு! ஆசிட்ட வெச்சிருக்கான்!" என்று கத்தினார்.

"அய்யோ ஏட்டய்யா, கவுத்துடாதீங்க! அது எம் பொஞ்சாதி!" என்று கத்தினான் ஆண்டி.

பஸ் முழுக்க இறங்கி வந்துவிட்டது. ஆண்டி அழுதுகொண்டே சொன்ன கதையை முதலில் யாரும் நம்பவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். கோவிந்தசாமி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து, மூடியைத் திருகி, ஆண்டியிடம் கொடுத்தார். சாமி பிரசாதத்தைக்கூட அவர் அவ்வளவு பயபக்தியோடு கொடுத்திருக்கமாட்டார்.

"எங்க அக்காளும் இப்படித்தான்யா போச்சு. நாளைக்கி நானே கூட வர்றேன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் யூனிஃபாரத்தோடு வந்தார். போலீஸ் துணையோடு ஒரு பாட்டில் மதராஸ் ராஜ்ஜியத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போனது அந்தச் சாவடியின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒரு நாள் தாமதத்தால் சதைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் தாண்டவராயன் சொன்னபோது, ஏட்டுதான் முதலில் பெருமூச்சு விட்டார்.

முடிவு வந்தது. கேன்சர்தான். தையல் பிரித்த பிறகு சின்னம்மாள் நேராகப் பாண்டிச்சேரிக்குப் போய்த் தாண்டவராயன் முன்னால் நின்றாள். அவர் மெலிந்த மனிதர், நெற்றியில் விபூதி, தடித்த கண்ணாடி. நோயாளிகள் அவரைத் தேடி வருவதே இல்லை. அவரிடம் வருவதெல்லாம் அவர்களுடைய துண்டுகள்தான். முழுசாக ஒரு ஆள் வந்து நின்றதில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம்.

"என் சதைய நீங்க பாத்தீங்க. நான் பாக்க வாணாமா?" என்றாள்.

அவர் யோசித்துவிட்டு, கண்ணாடித் தகடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். சின்னம்மாளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. ஆண்டி பின்னாலிருந்து கையால் பொத்தினான்.

"ரோஸ் கலருல பெரிசு பெரிசா தெரியுதே, அதான் கேன்சர் அணு" என்றார் டாக்டர். "அதைச் சுத்தி என்ன தெரியுது?"

"கடுக கொட்டின மாதிரி இருக்குது. நீலக் கடுகு."

"அது வெள்ளை அணுவுல ஒரு வகை. லிம்போசைட்னு பேரு. உன் ரத்தத்துல இருந்து வந்ததுதான். வேண்டாதது ஏதாவது உள்ளே புகுந்தா எதிர்க்கிற அணு. உன் கட்டியைச் சுத்தியும் உள்ளேயும் இது மொய்ச்சுக்கிட்டு இருக்கு. இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லே."

சின்னம்மாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா சார் பண்ணுது அங்க? சண்டையா?"

"சண்டைன்னுதான் நினைக்கிறோம். இப்படிக் கூட்டம் இருந்தவங்க ரொம்ப நாள் நல்லா இருந்திருக்காங்கன்னு சில டாக்டருங்க எழுதியிருக்காங்க. வேற சில பேர், அதெல்லாம் ஒண்ணுமில்லே, கூட்டம் சும்மா வேடிக்கை பார்க்க வந்ததுங்கறாங்க. என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அக்குள் நெறியில பரவலே, அது நல்ல விஷயம்."

"வேடிக்க பாக்க எங்க ஆளுங்க வர மாட்டாங்க சார்" என்றாள் சின்னம்மாள். "வந்தா அடிச்சிட்டுத்தான் போவாங்க."

டாக்டர் தாண்டவராயன் சிரித்ததை அந்த அறையின் பியூன் பழனிவேல் முதல் தடவையாகப் பார்த்ததாக வெளியே வந்து சொன்னான்.

மெட்ராசுக்குப் போய்க் கரண்டு, அதாவது கதிர் வைத்தியம், வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் செய்துகொண்டாள். ஆனால் இடது கை பழையபடி ஆகவில்லை. கொஞ்சம் வேலை செய்தாலும் வீங்கியது, தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கூடையை யார் தூக்குவது? குப்பத்தில் ஆம்பளை மீன் பிடிப்பான், பொம்பளை விற்பாள். கூடை தூக்கிய ஆம்பளை கிடையாது. ஆண்டி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டான். கட்டுமரத்தில் தம்பியை அனுப்பினான். முதல் நாள் ரயிலடிக்குப் போகிற வழியெல்லாம் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். "இன்னா மச்சான், பொடவ எங்க?" என்று கேலி செய்தவனைச் சின்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், அந்தக் கேலி அன்றோடு முடிந்தது.

வியாபாரத்தில்தான் அவனால் தொல்லை. யாராவது விலை கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா" என்பான். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதைப் பார்த்ததும் சின்னம்மாள் அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

மார்க்கெட்டில் வேறொரு தொல்லை காத்திருந்தது. எதிர்ச் சாக்கில் கருவாடு விற்கும் ராசம்மாள், சின்னம்மாள் இல்லாத மாதங்களில் அவளுடைய வாடிக்கையையெல்லாம் பிடித்து வைத்திருந்தாள். திரும்ப விட மனசில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டமான நேரத்தில், "யம்மா, அந்தக் கூடையில கைய வெக்காதீங்க. அவளுக்குப் புத்து. ஒட்டிக்கும்" என்றாள்.

கூடைக்குக் கிட்டே குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சின்னம்மாள் எழுந்தாள். ஆண்டி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒட்டிக்குமா? ஒட்டிக்குதான்னு பாத்துடலாம்டி!" என்று ரவிக்கைக்குள் கையை விட்டு, இடது பக்கம் எடுப்புக்காக அவள் வைத்திருந்த துணிப் பந்தை உருவி எடுத்து ராசம்மாள் மேல் எறிந்தாள். பழைய வலை நூலைத் துணியில் வைத்துத் தைத்தது. ராசம்மாள் அதை வேறு எதுவாகவோ நினைத்துவிட்டாள். "அய்யய்யோ" என்று அலறி எழுந்து, தன் கருவாட்டின் மேலேயே மிதித்து, பூக்காரியின் தட்டைத் தாண்டி ஓடினாள். பந்து அவள் சாக்கின் நடுவில், நெத்திலிக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தது.

மார்க்கெட்டே சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். கருவாடு வாங்க வந்திருந்த சௌந்தரம், மேல வீதிப் பக்கம் குடியிருந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் பஞ்சநாதனின் மனைவி. அவள் போய் அந்தப் பந்தை எடுத்துத் தட்டிப் பார்த்தாள்.

"தையல் விட்டுப்போச்சு. இலவம் பஞ்சு வச்சா கனமில்லாம இருக்கும். நான் தச்சுத் தரேன், நாளைக்கி வீட்டுப் பக்கம் வா" என்றாள்.

மறுநாள் கொல்லைக் கதவருகில் அதை வாங்கிக்கொண்டபோது, சௌந்தரம் ஒன்றுக்கு இரண்டு தடவை, "வலிச்சுதா? கத்தி வச்சப்ப வலிச்சுதா?" என்று கேட்டாள். சும்மா கேட்கிறாள் என்று சின்னம்மாள் நினைத்துக்கொண்டாள்.

வருஷா வருஷம் பரிசோதனைக்குப் பாண்டிச்சேரி போனாள். போகும்போதெல்லாம் தாண்டவராயனுக்கு நல்ல வஞ்சிரக் கருவாடாகப் பார்த்து எடுத்துப்போவாள். அவர் சுத்த சைவம். அதை அவளிடம் சொல்லத் துணியாமல் வாங்கி மேஜை மேல் வைத்துக்கொள்வார். அவள் பஸ் ஏறும் வரை காத்திருந்து பழனிவேல் அதைச் சாப்பாட்டுப் பையில் மாற்றிக்கொள்வான். அவள் வரும் நாளை ஞாபகம் வைத்திருந்த ஒரே ஆள் அவன்தான். படிக்கிற பையன்கள் வந்தால் டாக்டர் அவளுடைய கண்ணாடித் தகடுகளை எடுத்துக் காட்டுவார். அவளும் பக்கத்தில் நின்று, "நீலமா கீதே, அது எங்க ஆளுங்க" என்று விளக்கம் சொல்வாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் சௌந்தரம் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, மெல்லச் சொன்னாள். அவளுக்கும் கட்டி. அந்த மார்க்கெட் நாளிலிருந்தே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

"அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது? அவர் பெரிய மனுஷர். மாருன்னு நான் வாயைத் திறந்து சொன்னதே இல்லை."

"நீங்க சொல்ல வாணாம்" என்றாள் சின்னம்மாள். கொல்லையைத் தாண்டி நேராகக் கூடத்துக்குப் போனாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பஞ்சநாதன் முன்னால் நின்று, தன் வழக்கமான குரலில் சொன்னாள். தெருவில் போன ஒரு சைக்கிள் நின்றது. பஞ்சநாதன் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். பிறகு செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு அவர் காலிலேயே இருந்தது.

ஆபரேஷன் ஆயிற்று. பாட்டிலைக் கொண்டுபோக வேறு யாரையும் சின்னம்மாள் நம்பவில்லை, ஆண்டியைத்தான் அனுப்பினாள். முடிவைக் கேட்க அவளே போனாள்.

தாண்டவராயன் மைக்ராஸ்கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஆண்டி கண்ணைப் பொத்தினான். ரோஸ் நிறத்தில் பெரிசு பெரிசாக வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. எங்கோ ஓரத்தில் ஒன்றிரண்டு நீலப் புள்ளி. தகட்டை நகர்த்தச் சொல்லிச் சொல்லித் தேடினாள்.

"அவுங்க உடம்புல ஏன் சார் ஆளு வரல? நல்லவுங்களாச்சே. ஒருத்தரக் கடிஞ்சி பேச மாட்டாங்களே."

"தெரியலேம்மா" என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லவங்க கெட்டவங்கன்னு அது பார்க்கிறதில்லே. ஏன் சிலபேருக்கு வருது, சிலபேருக்கு வரலேன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சிக்கிறதுக்குத்தான இத்தன கண்ணாடிய வெச்சிக்கினு குந்தியிருக்கீங்க?"

அவர் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

சௌந்தரத்துக்கு நோய் முதுகெலும்பில் இறங்கியது. சின்னம்மாள் சிதம்பரம் வரும் நாளெல்லாம் விற்று முடித்துவிட்டு அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்து, ராசம்மாள் ஓடிய கதையை நடித்துக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் ராசம்மாள் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடினாள். கடைசியாக நடித்தபோது அடுத்த ஸ்டேஷனான கிள்ளை வரை ஓடிவிட்டாள். சௌந்தரம் வலியோடு சிரித்தாள். அடுத்த வருஷம் தை மாதம் போய்ச் சேர்ந்தாள். காரியத்தன்று ராசம்மாளும் வந்திருந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

அந்த வருஷப் பரிசோதனையில் சின்னம்மாளுக்கு ஒன்றும் இல்லை. திரும்பவும் வளரவில்லை, வேறெங்கும் போகவில்லை. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கூட்டத்தால்தான் பிழைத்தாள் என்று மட்டும் அப்போதும் அவர் அடித்துச் சொல்லவில்லை. சின்னம்மாள் அவரைப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெளியே பெஞ்சில் திருவந்திபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் முந்தானையை இழுத்து மாரை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்கள் சீட்டு வாங்கப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. சின்னம்மாள் இரண்டடி தாண்டிப் போனவள் நின்றாள்.

"எந்தப் பக்கம்? எடதா, வலதா?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது மெதுவான குரல்தான். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வலதுங்க" என்றாள் அந்தப் பெண், காதில் விழுந்தும் விழாத குரலில்.

சின்னம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடலூர் பஸ்ஸு பொறப்படப் போவுது புள்ள" என்றான் ஆண்டி.

"போவட்டும் மாமா. போயி மூணு டீ வாங்கியா. அவுங்களுக்குச் சக்கர ஜாஸ்தியா போடச் சொல்லு."

ஆண்டி காலிக் கூடையைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு டீக்கடையைத் தேடிப் போனான்.